சார்ஜ் போட உகந்த நேரம்

கண்ணாடிக்காரர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கேட்டுவிட்டார்.

அந்த ஊரில் பிளக்-இன் ஹைபிரிட் கார் வைத்திருந்தவர்கள் பல ஆயிரம் பேர். பேட்டரியில் ஓடும், பேட்டரி தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும், வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டியில் ஒயரைச் செருகினால் பேட்டரி மறுபடி நிறையும். விஷயம் அவ்வளவுதான். எல்லோரும் வேலை முடிந்து வந்தார்கள், செருகினார்கள், உள்ளே போய்ச் சாப்பிட்டார்கள். எந்த நேரத்தில் செருகினால் உத்தமம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கண்ணாடிக்காரர் கேட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, தொழில் அப்படி. இருபத்திரண்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையின் நீள அறை ஒன்றில் விளக்கை அணைத்துவிட்டு, எதிரே இருப்பவரின் மூக்கில் கனமான சட்டகம் ஒன்றை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது கேட்பார். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. சட்டை வாங்குவதிலிருந்து சோபாவை எந்தச் சுவரோரம் போடுவது என்பது வரை அவருக்கு எல்லாமே இரண்டு வில்லைகளாகத்தான் தெரிந்தன. கணக்கு டீச்சரான மனைவி, "ரெண்டும் ஒண்ணுதாங்க, ஏதாவது ஒண்ணைச் செய்யுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு, கடைசியில் சோபாவை அறை நடுவிலேயே விட்டுவிட்டார்.

இதில் அடிபட்டவர் அக்கா. திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்த தனி ஆள். பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்னதும் தம்பிக்குத்தான் போன் செய்தார். தம்பி இரண்டு ஆஸ்பத்திரிகளைப் பற்றி விசாரித்து, இதுவா அதுவா என்று நான்கு நாள் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் வலி பொறுக்காமல் அக்கா தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொண்டார். ஆபரேஷன் முடிந்த பிறகு ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. "வியாழக்கிழமை நாலு மணிக்கு விடுறாங்க. கூட்டிட்டுப் போக மட்டும் நீ வந்துடு. வாடகை வண்டிக்காரன் பள்ளத்துல போட்டான்னா தையல் பிரிஞ்சிடும். உன் வண்டிதான் சத்தமில்லாம மெத்துன்னு போகும்" என்றார். கண்ணாடிக்காரருக்கு நினைவு தெரிந்த நாளாக அக்கா அவரிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இதிலும் சொதப்பினால் அந்த முகத்தில் முழிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி இருந்த தெரு அமைதிச் சாலை. முழுசாக ஒன்றரைக் கிலோமீட்டர். அதில் பெட்ரோல் என்ஜின் ஓடக்கூடாது, பேட்டரியில் போகிற வண்டிகள் மட்டும் போகலாம். தெருமுனையில் ஒரு கருவி காது கொடுத்துக் கேட்டு, என்ஜின் சத்தம் வந்தால் தடுப்புக் கட்டையை இறக்கிவிடும். ஆகவே வியாழக்கிழமைக்குள் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். முந்தின வெள்ளிக்கிழமையே பேட்டரி அறவே காலி. செருகியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆனால் இந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று அவர் வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தார். 'உகந்த நேரத்தில் சார்ஜ் செய்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்' என்று போட்டிருந்தது. எது உகந்த நேரம் என்று போடவில்லை. கீழே மின்சார வாரியத்தின் தொலைபேசி எண் இருந்தது.

"பேசாம செருகிட்டு வாங்க" என்றார் மனைவி, விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

கண்ணாடிக்காரர் எண்ணை அழுத்தினார்.

"உகந்த நேரப் பிரிவு" என்றது ஒரு பெண் குரல்.

"வணக்கங்க. ஹைபிரிட் காருக்கு எப்ப சார்ஜ் போட்டா நல்லதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு..."

மறுமுனையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"கேள்வியாவே கேக்குறீங்களா சார், இல்ல சும்மா விசாரிக்கிறீங்களா?"

"கேள்விதாங்க."

சும்மா விசாரிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். வாய் முந்திக்கொண்டது.

"உங்க கேள்வி பதிவாயிடுச்சு. எண் நானூத்திப் பன்னெண்டு. பதில் வர்ற வரைக்கும் சார்ஜ் போடாதீங்க."

"ஏங்க? எல்லாரும் போட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க?"

"அவங்க தெரியாம போடுறாங்க சார், அதுல தப்பில்ல. உங்களுக்குத் தெரியலைங்கிறது இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சே தெரியாம போட்டா அது வேற பிரிவு."

அவர் ரிசீவரை வைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தார். சுவர்ப் பெட்டியில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த விளக்கு சிவப்பாக மாறியிருந்தது. அதன் கீழே 'ஆலோசனையில் உள்ளது' என்று எழுத்துகள் ஓடின. மாடிவீட்டுக்காரர், அதே கம்பெனி கார் வைத்திருப்பவர், பரிதாபப்பட்டுத் தன் ஒயரைக் கொடுத்தார். அதைச் செருகியதும் வண்டியின் திரையிலும் அதே எழுத்துகள் ஓடின. வண்டி எண்ணையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டார்கள். ஆலோசனை முடியும்வரை பெட்ரோலில் மட்டுமே ஓடுவேன் என்று வண்டியே அறிவித்தது.

"நான் எப்ப தோணுதோ அப்ப போடுவேன்" என்றார் மாடிவீட்டுக்காரர். "இதைப் போய் யாராவது கேப்பாங்களா?"

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்காரர் நேரில் போனார். மின்சார வாரியத்தின் நான்கு மாடிக் கட்டடத்தில் முதல் மாடி முழுக்க உகந்த நேரப் பிரிவு. உள்ளே நுழையும்போது கதவு தானாகத் திறந்தது. பின்னால் சாத்திக்கொண்டதும்தான் அதில் கைப்பிடி இல்லை என்பதைக் கவனித்தார். வெளியே போக, 'இன்றைய ஆலோசனை நிறைவுற்றது' என்ற சீட்டு வேண்டும், அதைக் கதவின் பிளவில் போட்டால்தான் திறக்கும் என்று சுவரில் எழுதியிருந்தது.

போனில் பேசிய பெண்தான் கவுண்டரில் இருந்தார். பதினான்கு பக்கப் படிவம் ஒன்றைத் தள்ளினார். வண்டிக்குச் சார்ஜ் தேவை என்று முதன்முதலில் எப்போது உணர்ந்தீர்கள்? அப்போது உடன் இருந்தவர் யார்? தீர்ந்துவிடும் என்று தெரிந்தும் தொடர்ந்து ஓட்டியது ஏன்? உகந்ததல்லாத நேரத்தில் இதற்கு முன் சார்ஜ் போட்டதுண்டா? உண்டு என்றால் தனித் தாளில் வருத்தம் தெரிவிக்கவும். கண்ணாடிக்காரர் தனித் தாள் வாங்கி ஒன்றரைப் பக்கம் வருத்தம் தெரிவித்தார்.

கவுண்டர் பெண் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். "ஆனா இது பாதி வண்டிதான். மின்சாரப் பாதி எங்களுது. பெட்ரோல் பாதிக்கு எரிபொருள் பிரிவுல ஆட்சேபனை இல்லைன்னு எழுதி வாங்கணும். மூணாவது மாடி, உள் படிக்கட்டு வழியாப் போங்க."

மூன்றாவது மாடியில் கடைசி அறையில் ஒரே ஒருவர் இருந்தார். மேஜைமேல் ஒரு பூந்தொட்டியும் துடைத்து வைத்த ரப்பர் முத்திரையும் இருந்தன. கண்ணாடிக்காரரைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"மின்சார வாரியத்துல எதுக்குப் பெட்ரோல் பிரிவுன்னு கேப்பீங்க."

"இல்ல சார், கேக்கல" என்றார் கண்ணாடிக்காரர் அவசரமாக. மூன்று நாளில் இந்த அளவுக்குத் தேறியிருந்தார்.

"கேட்டாலும் பரவாயில்ல. யாரும் வர்றதே இல்ல." படிவத்தை வாங்கி, பெட்ரோல் போட உகந்த நேரம் என்ற இடத்தில் 'பெட்ரோல் தீரும்போது' என்று எழுதி, முத்திரை குத்தி, அரை நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தார். அவரை ஏன் மூன்றாவது மாடியில் தனியாக உட்காரவைத்திருக்கிறார்கள் என்று கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது.

கீழே வந்தபோது கவுண்டர் மூடியிருந்தது. சீட்டு கொடுப்பவர் தேநீருக்குப் போயிருந்தார். காத்திருப்புக் கூடத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு வயதானவர், ஓய்வுபெற்ற நில அளவையராம், முழங்காலில் துண்டை விரித்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எந்த வண்டி சார்?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"வண்டியெல்லாம் இல்ல. வாஷிங் மெஷின். எப்ப போட்டா நல்லதுன்னு ஒரு கேள்வி கேட்டேன்."

"எப்ப கேட்டீங்க?"

"ஆச்சு, மூணு வருஷம். நம்ம கோப்பு நல்லா நகர்ந்துக்கிட்டிருக்குன்னு சொல்றாங்க." ஒரு சுளையைக் கண்ணாடிக்காரர் கையில் வைத்தார். "பதில் வர்ற வரைக்கும் கையாலதான் துவைக்கிறேன். வயிறு நல்லா வத்திருச்சு பாருங்க."

சீட்டு கொடுப்பவர் ஐந்தே காலுக்கு வந்து ஒவ்வொருவராக வெளியே விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரை நேர நிபுணரிடம் அனுப்பினார்கள். நிபுணரின் அறையில் ஒன்பது திரைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கோடு ஏறி இறங்கியது. நிபுணர் மெல்லிய குரலில், பிரசவ வார்டில் பேசுவதுபோலப் பேசினார்.

"மத்தியானம் வெயில் நல்லா அடிக்கும், சூரிய மின்சாரம் நிறைய வரும். அதனால மத்தியானம் நல்லது. அதே வெயில்ல பேட்டரி சூடாகும், அதனால மத்தியானம் நல்லதில்ல. விடியக்காலையில மின்சாரத்துக்குத் தேவை கம்மி, அதனால விடியக்காலை நல்லது. ஆனா அது நல்லதுன்னு வெளிய தெரிஞ்சா எல்லாரும் அப்பவே போடுவாங்க, அப்புறம் அது நல்லதா இருக்காது. அதனால யாருக்கும் தெரியாத வரைக்கும்தான் விடியக்காலை நல்லது."

"எனக்கு மட்டும் சொல்லுங்க சார். நான் யார்கிட்டயும் சொல்லல."

"உங்களுக்குச் சொன்னா ஒருத்தருக்குத் தெரிஞ்சதா ஆயிடுமே."

கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். "தோராயமா ஒரு நேரம் சொல்லுங்க. வியாழக்கிழமைக்குள்ள வேணும். எங்க அக்காவை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரணும்."

நிபுணர் ஒன்பது திரைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் தோளில் கை வைத்தார்.

"நான் பதினெட்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். நான் சொன்ன நேரம் ஒண்ணுகூட இன்னிவரைக்கும் தப்பாப் போனதில்ல. ஏன்னு நினைக்கிறீங்க? நான் இன்னிவரைக்கும் நேரம் எதையும் சொன்னதில்ல. சின்னப் பசங்க வர்றாங்க, அவசரப்பட்டு ஒரு நேரத்தைச் சொல்லிடறாங்க. அப்புறம் அவங்களைப் பாக்கவே முடியறதில்ல."

அன்று மாலை அக்கா போன் செய்தார். குரல் கொஞ்சம் தெம்பாக இருந்தது. பின் சீட்டில் காலை நீட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டார், தலையணை ஒன்று எடுத்து வரச் சொன்னார். பிறகு, "வண்டியெல்லாம் தயாரா?" என்றார்.

"சார்ஜ் போட்டாச்சுக்கா" என்றார் கண்ணாடிக்காரர்.

அக்காவிடம் அவர் பொய் சொன்னதே கிடையாது. சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் முகத்தைக் கழுவினார். கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் துண்டால் முகத்தை மூடியபடி வெளியே வந்தார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஆம்புலன்ஸ் கேட்டுப் பாக்கலாமா?" என்றார். அதற்கும் பார்த்தாயிற்று. நடக்க முடிந்தவர்களுக்கு ஆம்புலன்ஸ் தருவதில்லையாம். அக்காவால் நடக்க முடியும், ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டர் முடியாது.

புதன்கிழமை குழுவின் முன்னால் ஆஜரானார். நீள மேஜை, ஏழு நாற்காலிகள், ஏழு தண்ணீர்க் குவளைகள். நடுவில் இயக்குநர், அவருக்கு வலப்பக்கம் நிபுணர், இடப்பக்கம் விதிகள் அலுவலர். மற்ற நால்வரும் குறிப்பெடுத்தார்கள். கண்ணாடிக்காரருக்கு ஒரு முக்காலி. கதவோரம் பார்வையாளர் பெஞ்சில் நில அளவையர் மட்டும் இருந்தார். அவர் எல்லாக் கூட்டத்துக்கும் வருவாராம்.

இயக்குநர் எழுந்து பேசினார்.

"நானூத்திப் பன்னெண்டு பேர் நம்மளை நம்பிக் கேள்வி கேட்டிருக்காங்க. ஒருத்தரையும் நாம கைவிடல. எல்லாரும் இன்னும் நம்மகிட்டதான் இருக்காங்க. சில பேர் வெளிய பேசுறாங்க, இதுக்கு எதுக்கு ஒரு பிரிவு, ஒயரைச் செருகினா போதாதான்னு. நான் கேக்குறேன், செருகறதுக்கு எதுக்கு நிறுவனம்? செருகறதை யார் வேணா செய்யலாம். செருகாம இருக்கறதுக்குத்தான் ஒரு நிறுவனம் வேணும். அதுக்குப் பயிற்சி வேணும், கட்டடம் வேணும், முக்கியமா ஆள் வேணும். போன வருஷம் நாம அறுபது பேர் இருந்தோம். இந்த வருஷம் தொண்ணூறு. பதில் மட்டும் கொடுத்திருந்தா இந்த வளர்ச்சி சாத்தியமா?"

குழு மேஜையைத் தட்டியது. நில அளவையரும் பெஞ்சைத் தட்டினார். பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

"இவரோட கேள்விக்கு ஆய்வுக் காலம் பதினாலு மாசம்னு தீர்மானிக்கலாம்" என்று இயக்குநர் உட்கார்ந்தார்.

கண்ணாடிக்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார். "ஐயா, நான் கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன்."

யாரும் குறிப்பெடுக்கவில்லை. விதிகள் அலுவலர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார்.

"அது முடியாதுங்க. கேட்டதைக் கேக்காம ஆக்க முடியாது. இதுவரைக்கும் யாருக்கும் பொருந்தாத ஒரு விதி மட்டும் இருக்கு. விதி பதினொண்ணு. கேட்டவருக்கே பதில் தெரிஞ்சுபோச்சுன்னா கேள்வி தானா காலாவதி ஆயிடும்."

"தெரிஞ்சுபோச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

ஏழு தலைகளும் நிமிர்ந்தன.

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"பதில்."

"அதுல இன்னொண்ணு" என்றார் விதிகள் அலுவலர். "எந்தப் பதிலும் மறுநாள் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேலதான் அமலுக்கு வரும். பாத்துச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் மனசுக்குள் பின்னோக்கிக் கணக்குப் போட்டார். நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல். அரை மணி ஓட்டம், ஆகவே மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். பேட்டரி நிறைய இரண்டரை மணி நேரம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு இன்னொரு வில்லை தேவைப்படவில்லை.

"நாளைக்கு மத்தியானம் ஒரு மணியிலேர்ந்து மூணரை வரைக்கும். அதுதான் உகந்த நேரம்."

"எந்த முறையில கண்டுபிடிச்சீங்க?" என்றார் நிபுணர்.

"ஒரு மணிக்கு முன்னாடி போட்டா சரியில்ல. மூணரைக்கு அப்புறம் போட்டாலும் சரியில்ல. நடுவுல போட்டா சரியா இருக்கு. தெளிவாத் தெரியுது."

வாழ்நாள் முழுக்கக் கேள்வியாகவே கேட்ட ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லும்போது அதில் ஒரு கனம் வந்துவிடுகிறது. நிபுணர் தலையைக் குனிந்துகொண்டார். இயக்குநர் மேஜையைச் சுற்றி வந்து கண்ணாடிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்தப் பிரிவுக்குக் கிடைச்ச முதல் பதில் சார் இது. இதை உங்க ஒருத்தர் வண்டியோட விட்டுட மாட்டோம்."

வேண்டாம் ஐயா, எனக்கு மட்டும் போதும் என்று கண்ணாடிக்காரர் சொன்னது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. அவரைக் கௌரவ நேர ஆலோசகராக நியமித்தார்கள். வீட்டு எண், கடை எண், கைபேசி எண் மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, வெளியே போகும் சீட்டைக் கொடுத்தார்கள். படிக்கட்டில் நில அளவையர் அவரை முந்திக்கொண்டு இறங்கினார். "ஒரு மணிக்குத்தானே சார்? மூணு வருஷத் திரைச்சீலை, போர்வை எல்லாம் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஊரில் இருந்த எல்லாக் கைபேசிகளும் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. 'இன்றைய உகந்த நேரம் ஒரு மணி முதல் மூன்றரை வரை. ஆலோசகரால் உறுதி செய்யப்பட்டது. வேறு நேரத்தில் சார்ஜ் செய்பவர்கள் காரணம் எழுதித் தர வேண்டியிருக்கும்.'

அதுவரை தோன்றியபோது செருகிக்கொண்டிருந்த ஊருக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. காரணம் எழுதுவதை விடச் செருகுவது சுலபம் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். வேலைக்குப் போனவர்கள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். எப்ப தோணுதோ அப்ப போடுவேன் என்ற மாடிவீட்டுக்காரர் பன்னிரண்டே முக்காலுக்கே ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கார் இல்லாதவர்கள், எதற்கு வம்பு என்று, கைபேசி, முகச்சவரக் கருவி, டார்ச் லைட் என்று அகப்பட்டதையெல்லாம் செருகத் தயாரானார்கள்.

கண்ணாடிக்காரரின் சுவர்ப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சரியாக ஒரு மணிக்குச் செருகினார். 'ஒரு விழுக்காடு' என்றது திரை. அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். இரண்டு விழுக்காடு ஆனதும் தலையணையை எடுத்து வந்து பின் சீட்டில் வைத்துத் தட்டிச் சரிசெய்தார்.

ஒரு மணி நான்கு நிமிஷத்துக்கு எங்கோ தூரத்தில் கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம் கேட்டது. பச்சை விளக்கு அணைந்தது. வீட்டுக்குள் மின்விசிறி நின்றது, குளிர்பெட்டி முனகி அடங்கியது. தெரு முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கைபேசி ஒலித்தது. அக்கா.

"தம்பி, பதறாம கேளு. டாக்டர் சீக்கிரமே வந்து கையெழுத்துப் போட்டுட்டார். படுக்கை வேணுமாம், கிளம்புங்கன்னுட்டாங்க. கீழ வந்து உக்காந்திருக்கலாம்னு பெட்டியோட லிஃப்ட்ல ஏறினேன். கூட வந்த நர்ஸம்மா ஏதோ சீட்டை மறந்துட்டேன்னு இறங்கிட்டாங்க. பாதி வழியில கரண்ட் போயிடுச்சு. உள்ள ஒரே இருட்டு."

"இதோ வர்றேன்க்கா."

"வண்டிதான் தயாரா இருக்கே. மெதுவாவே வா."

கண்ணாடிக்காரர் பெட்ரோலில் பறந்தார். அமைதிச் சாலை முனையில் தடுப்புக் கட்டை கரண்ட் போனதும் தானாக இறங்கி அப்படியே நின்றிருந்தது. கரண்ட் இல்லாமல் அது யாருக்கும் எழும்பாது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினார். ஐம்பது வயதுக்காரர் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் ஆபரேஷன் அறைகளுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் மட்டும்தான் என்றார் காவலாளி. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில். திறக்கத் தெரிந்தவர் இன்னொரு கட்டடத்தில் இன்னொரு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மாடியில் லிஃப்ட் கதவில் கன்னத்தை வைத்துக் கண்ணாடிக்காரர் கூப்பிட்டார். "அக்கா."

"வந்துட்டியா?" மேலிருந்து குரல் வந்தது. "மூச்சு வாங்குது உனக்கு. ஓடியா வந்தே?"

"வலிக்குதாக்கா?"

"நின்னுக்கிட்டே இருக்கேன்ல, கொஞ்சம் இழுக்குது. எப்ப வருமாம் கரண்ட்?"

அதற்குள் கைபேசி ஒலித்தது. இயக்குநர்.

"ஆலோசகர் சார், நல்லவேளை கிடைச்சீங்க. மின்நிலையத்துல எல்லாம் சரி பண்ணிட்டாங்க. பொத்தானை அமுக்கினா கரண்ட் வந்துடும். எப்ப அமுக்கினா உகந்ததுன்னு நம்ம பிரிவைக் கேட்டிருக்காங்க. கேள்வி பதிவாயிடுச்சு. இங்க பதில் சொல்லிப் பழக்கப்பட்ட ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"இப்ப. இப்பவே அமுக்கச் சொல்லுங்க."

"இப்பன்னா மணி எத்தனைன்னு போடறது? நான் எழுதறதுக்குள்ள அது போயிடுதே சார். காரணமும் ஒண்ணு வேணும்."

"எங்க அக்கா லிஃப்ட்டுக்குள்ள நிக்கிறாங்க. வயித்துல தையலோட."

பேனா கீறும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. "அது சொந்தக் காரணம் சார். ஆலோசகர்கள் பொதுக் காரணம்தான் சொல்லணும். ஒண்ணு பண்ணுங்க, ரெண்டு நேரம் சொல்லுங்க. எது சரின்னு குழு பாத்து முடிவு பண்ணட்டும். லைன்லயே இருக்கேன்."

கண்ணாடிக்காரர் கைபேசியைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு அழுகை வந்தது.

"யாருடா போன்ல?" என்றார் அக்கா.

"மின்சார வாரியம்க்கா. கரண்ட்டை எப்ப போடலாம்னு கேக்குறாங்க."

"யாரை?"

"என்னைத்தான்."



"உன்னையா?" என்றார் அக்கா. பெட்டியைத் தரையில் படுக்கப் போடும் சத்தம் கேட்டது. "சரி, நீ நிதானமா யோசி. நான் உக்காந்துக்கறேன்."